சேர், ஒங்க வீட்ல மழையா?

 

நேற்று நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "சேர், என்ட கொம்பியூட்டர் ஹெலிகொப்டர் மாதிரி கத்துது. ஓவர்குளொக் பண்ணினதாலதான் இப்படியா? எடுத்து விடவா?" ஒரு வரியில் பதில் போடத்தான் நினைத்தேன். முடியவில்லை. இதே கேள்வியோடு 2022இல் இரண்டு மாதம் நானும் திண்டாடினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்திகளை மட்டும் வாசித்தாலும் காரியம் ஆகும்.

எங்கள் வீட்டு மெஷின் என்னுடையது அல்ல, தம்பியுடையது. டோஹாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. இன்டெல் ஐ5-2500கே. 2011இல் வந்த சிப். அந்தப் பெயரின் கடைசியில் நிற்கும் 'கே' என்ற எழுத்துக்குத்தான் தம்பி காசு கொடுத்தான். அந்த எழுத்து இருந்தால் பெருக்கி பூட்டப்படாமல் இருக்கும். 100 மெகாஹேட்ஸ் அடிப்படைத் துடிப்பை 33ஆல் பெருக்கினால் 3.3 கிகாஹேட்ஸ். அதுதான் பெட்டியில் போட்டிருந்த வேகம். தம்பி 45 என்று வைத்து 4.5இல் ஓட்டினான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பயோஸுக்குள் ஓர் எண்ணை மாற்றுவதுதான். ஆனால் வாலிப வயதில் அது ஒரு கெத்து. மோட்டார் சைக்கிள் சைலன்சரை மாற்றுகிற பொடியன்களைப் போல.

அவன் போன பிறகு ஒரு வருசம் அது சும்மா கிடந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். என் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் போன் ஒன்றுதான். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கையில் கிடைக்கும். லயத்தில் சிக்னல் இல்லாமல் மேட்டுக்கு ஏறிப் போகிற பிள்ளைகளிடம் ஸூமில் வா என்று சொல்ல முடியாது. பாடத்தைப் பதிவு செய்து, சுருக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்போது அங்கே வீடியோவாகப் போட 16 எம்பிதான் இடம். கால் மணி நேரப் பாடத்தை எழுத்துக் கலங்காமல் 16 எம்பிக்குள் அடக்க வேண்டுமென்றால் கணினி மெதுவாக, கவனமாகச் சுருக்க வேண்டும். நாலு கோரும் நூறு வீதம் ஓடும். அப்போதுதான் தம்பியின் 4.5இன் அருமை தெரிந்தது. பெட்டி வேகத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு மணித்தியாலம் என்றால், நாலு பாடத்துக்கு இதில் மொத்தமாக ஒரு மணித்தியாலம் மிச்சம்.

ஆனால் இரைச்சல்!

எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், முன்னறைக்கும் உம்மாவின் அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. உம்மாவுக்கு சீனியும் பிரஷரும். ராத்திரி இரண்டு தரமாவது எழும்புவார். ஒருமுறை எழும்பினால் மறுபடி தூக்கம் வருவது கஷ்டம். "மகன், இந்தச் சாமான் ராவு முழுக்க இரையுது, கண்ண மூட ஏலா" என்பார். நான், "கொஞ்ச நேரம்தான் உம்மா" என்பேன். இதை அவர் எத்தனை தரம் சொன்னார், நான் எத்தனை தரம் அதே பதிலைச் சொன்னேன் என்பதற்குக் கணக்கு இல்லை.

2022 வந்தது. அந்த வருசத்தை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏப்ரல் முழுக்க நோன்பு. பின்போடப்பட்ட சாதாரண தரப் பரீட்சை மே 23இல் ஆரம்பம். டீசல் இல்லாமல் பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. கரண்ட் வருகிற அந்தச் சில மணித்தியாலங்களுக்குள், தராவீஹ் முடிந்து வந்து, ஒரு பாடத்தைப் பதிவு செய்யும்போதே முந்தின பாடத்தைச் சுருக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நான் பேசுகிறேன், பக்கத்தில் அந்தப் பெட்டி அலறுகிறது.

மின்னோட்டம் பற்றிய பாடம் போன அடுத்த நாள் ஒரு பிள்ளையிடமிருந்து குரல் பதிவு வந்தது. "சேர், ஒங்க வீட்ல மழையா? தகரத்துல பெய்ற சத்தம் மாதிரி கேக்குது. நீங்க சொல்றது வெளங்கல." அதன் கீழே இன்னும் நாலு பிள்ளைகள் "எங்களுக்கும் சேர்" என்று போட்டிருந்தார்கள். சித்திரையில் பின்னேரம் மழை பெய்கிற ஊர்தான் இது. ஆனால் அன்றைக்கு ஒரு துளி இல்லை.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உம்மா மாதக்கணக்காகச் சொன்னது என் காதில் ஏறவில்லை. பிள்ளைகள் ஒரு தரம் சொன்னதும் அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

முதலில் செய்தது முட்டாள்தனம். பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் சிப்பின் மேல் உள்ள விசிறியின் வயரைக் கழற்றினேன். அமைதி! ஆஹா என்று பேச ஆரம்பித்தேன். இந்த ரகச் சிப் 98 பாகையைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் மெஷின் நின்றுவிடும். அது அப்படியே நடந்தது. பாடமும் போனது, சுருக்கிக்கொண்டிருந்த மற்றப் பாடமும் போனது. பத்து நிமிடத்தில் கரண்டும் போனது. அன்றைக்கு ஸஹருக்கு எழும்பியபோது யாரோடும் பேசவில்லை.

அடுத்தது கடைக்குப் போன் போட்டேன். ஆஸ்திரியாவின் நொக்டுவா கம்பனி செய்கிற மண்ணிற விசிறிகள் சத்தமில்லாமல் ஓடுவதற்குப் பேர் போனவை. விலையைக் கேட்டேன். டொலர் 200 ரூபாவிலிருந்து 300ஐத் தாண்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

உதவி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. மழையா என்று கேட்ட பிள்ளையின் அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர். கொழுந்து வாட்டுகிற மாடியில் மோட்டாரும் விசிறியும் பார்ப்பது அவர் பொறுப்பு. டவுனுக்கு வந்த இடத்தில் மகளுக்கு நோட்ஸ் வாங்கிப் போக வீட்டுக்கு வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவருகில் நின்றவர் நோட்ஸைக் கேட்கவில்லை. "சேர், அது காத்து கெடைக்காம தவிக்குதுங்க" என்றார்.

"உள்ளுக்கு வாங்க அண்ணே" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார். சும்மா சொல்லக்கூடாது, அடுத்த அரை மணித்தியாலம் அவர்தான் ஆசிரியர்.

ஊவாத் தேயிலையின் பெயர் காற்றால் வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மலை தாண்டி வரும் காய்ந்த கச்சான்தான் அந்த மணத்தைக் கொடுக்கிறது. ஸ்டோருக்குள்ளும் விசயம் காற்றுதான். பறித்த கொழுந்தை நீளமான தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்றை விட்டு, 12 மணித்தியாலத்துக்கு மேலாக வாட்டுகிறார்கள். அந்த விசிறி ஆள் உயரத்துக்குக் கிட்ட இருக்கும், ஆனால் அலறாது. ஒரே சீராக உறுமும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்றைத் தள்ளும் என்பதுதான் அதன் இரகசியம். "சின்ன விசிறிய வெரட்டினா சத்தந்தாங்க வரும், காத்து வராது" என்றார் அவர்.

இதை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாத்தியார் புத்தி. என் பெட்டியின் பின்னால் இருந்தது 80 மில்லிமீற்றர் விசிறி. 120 மில்லிமீற்றர் விசிறியின் பரப்பு அதைப்போல 2.25 மடங்கு. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும், அது இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒன்றாகும். காற்றில் இழப்பது கொஞ்சம், சத்தத்தில் பெறுவது மிக அதிகம்.

ஆனால் அண்ணன் விசிறியைத் தொடவே இல்லை. "மொதல்ல காத்து போற வழியப் பாப்போம். ஊதுபத்தி இருக்கா சேர்?" என்றார். உம்மா லோபான் குச்சி ஒன்றைக் கொடுத்தார். அதைப் பற்றவைத்து பெட்டியைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனார். புகை காட்டிக் கொடுத்தது. எங்கள் கொம்பியூட்டர் மேசையில் பெட்டிக்கென்று ஒரு பலகைக் கூண்டு இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கும், மூன்று பக்கமும் அடைத்தது. பின்னால் வெளியேறும் சூட்டுக் காற்று சுவரில் மோதி, கூண்டுக்குள்ளேயே வளைந்து, முன்னால் வந்து மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பாவம், தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

பெட்டியைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு மரத் துண்டின் மேல் வைத்தோம். வேறொன்றும் செய்யவில்லை. கால் மணித்தியாலத்தில் சிப்பின் சூடு 10 பாகைக்கு மேல் இறங்கியது. விசிறியின் அலறலும் கூடவே இறங்கியது. உம்மா தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "யா மகன் அது, டீ ஊத்தவா?" என்றார். "நோன்பு நேரம் உம்மா" என்றேன். "உனக்கில்ல, வந்தவருக்கு" என்றார்.

டீயைக் குடித்துக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். ஸ்டோரில் விசிறி இதழில் தூசி பிடித்தால் சத்தம் மாறும், அதை வைத்தே எந்தத் தட்டில் பிழை என்று கண்டுபிடிப்பாராம். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். சிப்பின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் கம்பளி போல ஒரு படை. விறகடுப்புப் புகை உள்ள வீடுகளில் தூசி சும்மா தூசியாக இராது, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது. பெயிண்ட் பிரஷ் எடுத்து உட்கார்ந்தேன். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் பூசும் பசை காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. வழித்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். பசை விலை பெரிதல்ல, ஒரு அரிசி மணியளவு போதும். பட்டர் பூசுகிற மாதிரிப் பூச வேண்டாம்.

பிறகு 120 மில்லிமீற்றர் விசிறிக்கு எங்கே போவது? டவுனில் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு நானாவிடம் எரிந்துபோன பவர் சப்ளைகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் 120 மில்லிமீற்றர் விசிறிதான். இரண்டைக் கழற்றித் தந்தார். (பொடியன்கள் கவனம். பவர் சப்ளையை நீங்களாகத் திறக்க வேண்டாம். வயரைப் பிடுங்கின பிறகும் உள்ளே கொள்ளளவியில் அடி தங்கியிருக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.) ஒன்று கரகரத்தது. நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், சரியாகியது. ஒன்றை முன்பக்கத்திலும் மற்றதைப் பக்கத் தகட்டை வெட்டி அதிலும் பூட்டினேன். 12 வோல்டுக்குப் பதில் 7 வோல்டில் ஓட விட்டேன். பக்க விசிறியிலிருந்து நேரே சிப்புக்குக் காற்று போக பிரிஸ்டல் போட்டில் ஒரு குழாய் செய்து ஒட்டினேன். விஞ்ஞானக் கண்காட்சிக்கு வாங்கி மிஞ்சியிருந்த பச்சை நிறப் போட். பார்க்க லட்சணமில்லை. ஹார்ட் டிஸ்க்கின் கிடுகிடுப்பு மேசைக்கு இறங்காமல் இருக்க சைக்கிள் டியூப் துண்டுகளை அடியில் வைத்தேன்.

இவ்வளவும் செய்தும் பாடம் சுருக்கும்போது இரைச்சல் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதற்கு மேல் காற்றால் செய்ய ஒன்றுமில்லை. சூடு பிறக்கும் இடத்தில்தான் கைவைக்க வேண்டும். அது தம்பியின் எண்கள்.

உண்மையைச் சொன்னால் அதைத் தொட மனம் வரவில்லை. அவன் போன பிறகு வீட்டில் அவன் கைபட்டு அப்படியே இருந்தது அது ஒன்றுதான். 45 என்ற எண்ணும், 1.40 வோல்ட் என்ற எண்ணும். அவனிடமே கேட்டேன். அவன் ஷிஃப்ட் முடிந்து நடந்துகொண்டே குரல் பதிவு அனுப்பினான். பின்னால் வாகனச் சத்தம். "நானா, அது நான் அந்த நேரம் கூட்டாளிமாருக்குக் காட்ட வச்சது. அவ்வளவு வோல்ட் தேவையே இல்ல. பெருக்கிய 42க்கு எறக்குங்க. வோல்ட 1.25ல வச்சுப் பாருங்க. ராவைக்கு ஓட விடுங்க, நின்டா ஒரு படி ஏத்துங்க."

இங்கேதான் தம்பி கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. சத்தத்துக்குக் காரணம் ஓவர்குளொக் அல்ல, அதற்காகக் கண்மூடித்தனமாக ஏற்றிவிடும் வோல்ட். சிப் இழுக்கும் வலு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டோடு வர்க்கமாக ஏறும். 4.5இலிருந்து 4.2க்கு இறங்கினால் வேகத்தில் நட்டம் 7 வீதத்துக்கும் குறைவு. வோல்ட் 1.40இலிருந்து 1.25க்கு இறங்கினால், அதன் வர்க்கம் 20 வீதம் குறைகிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், சூட்டில் ஏறக்குறைய கால்வாசி போய்விடுகிறது. நாலு பாடத்துக்கு 13 நிமிடம் கூடுதலாக எடுத்தது. அந்த 13 நிமிடத்தைக் கொடுத்து நான் வாங்கியது உம்மாவின் ராத்திரி.

1.25இல் முதல் நாள் விடியச் சாமம் நின்றுவிட்டது. ஒரு படி ஏற்றினேன். பிறகு நிற்கவில்லை. பெட்டி வேகத்தைவிட அப்போதும் கூடுதலாகத்தான் ஓடியது, அதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கடைசியாகப் பிடித்தேன். சிப் சூடு ஏறி இறங்குவதற்கு ஏற்ப விசிறியும் ஏறி ஏறி இறங்கினால் அது ஒரே சீரான சத்தத்தைவிட மோசம். தூங்குகிற ஆளை எழுப்புவது சத்தத்தின் அளவைவிட அதன் மாற்றம்தான். பயோஸில் 65 பாகை வரை ஒரே வேகம் என்று வைத்தேன். கொழுந்து மாடி விசிறி போல ஒரே உறுமல்.

அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. 1,400 மீற்றர் உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டை எடுத்துப்போகும் காற்றின் எடை அந்த அளவு குறையும். ஆனால் உங்கள் ஊர்க் குளிர் அதை ஈடுகட்டி மிச்சமும் தரும். பதுளை டவுனில் எங்களுக்குப் பள்ளத்துப் புழுக்கம், அந்தக் கொடுப்பினை இல்லை.

நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு ராத்திரி. தராவீஹ் முடிந்து வந்து பதிவு செய்துகொண்டிருந்தேன், பக்கத்தில் நாலு கோரும் நூறு வீதம். தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. உம்மா எழும்பி வந்து வாசலில் நின்றார். "கரண்ட் போயிட்டா மகன்?" என்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓடுதா அது?" என்று கேட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். அந்தப் பதிவில் அவர் குரலும் இருந்தது. நான் அதை வெட்டவில்லை. அடுத்த நாள் பிள்ளைகள், "சேர், அது ஒங்க அம்மாவா?" என்று கேட்டார்கள்.

பரீட்சைக்கு முன் அண்ணன் மகளோடு ஒரு தரம் வந்தார், பச்சை பிரிஸ்டல் போட் குழாயைப் பார்க்க. கையை வைத்துக் காற்றைப் பார்த்தார். "ஓட்ட இருக்கு சேர், இந்த மூலையில" என்றார். டேப் ஒட்டினோம். அது இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆகவே தம்பி, ஓவர்குளொக்கை எடுக்க வேண்டாம், அவசரப்படாதீர்கள். முதலில் பெட்டியை மேசைக் கூண்டிலிருந்து வெளியே எடுங்கள். இன்றைக்கே செய்யலாம், காசில்லை. பிறகு தூசி, பசை. அதற்குப் பிறகும் கத்தினால் வோல்ட். ஒவ்வொரு படியாக இறக்குங்கள், ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். விசிறி வாங்குவது எல்லாவற்றுக்கும் பிறகு. அதுவும் வாங்க முதல் எனக்கு ஒரு போன் போடுங்கள், மற்ற பவர் சப்ளையிலிருந்து எடுத்த இன்னொரு 120 மில்லிமீற்றர் விசிறி வீட்டில் சும்மா கிடக்கிறது. அஸருக்குப் பிறகு வந்தால் நான் இருப்பேன். லோபான் குச்சியும் இருக்கும்.